நச்சுயிரியின் ஏட்டில் நேரும் பாடவேறுபாடுகள் : புற்றுநோய் பற்றிய ஓர் அறிவியல் நோக்கு

எல்லாம் வல்ல இறைவனின் படைப்பில் கண்ணுக்குப் புலனாகாச் சிற்றுருக்கள் பல. அவற்றுள்ளும் மிகச் சிறியனவாகிய நச்சுயிரிகள் தனித்து நிற்கும்போது உயிருடையன போல இயங்குவதில்லை. பிறிதோர் உயிரணுவினுள் புகுந்த பின்னரே பெருகுகின்றன. இவற்றுள் சில, தாம் புகுந்த உயிரணுவைக் கட்டுக்கடங்காது பெருகச் செய்து புற்றுநோயை விளைவிக்கின்றன. அத்தகைய நச்சுயிரியின் மரபணுவில் ஓரிரு மாற்றங்கள் நேர்ந்தால் அதன் நோய் விளைக்கும் ஆற்றல் கூடுகிறதா, குறைகிறதா என்னும் வினாவை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். விடை ஒரே வகையாக அமையவில்லை என்பதே இப்பொருளின் சுவை.

முதற்கண் பெயர் பற்றிச் சில சொற்கள். கிரேக்கர் இந்நோயை நண்டு என்னும் பொருள்படும் சொல்லால் வழங்கினர். அரபு மொழியிலும் 'ஸரத்தான்' என்பது நண்டுக்கும் இந்நோய்க்கும் பொதுவான பெயராகும். வானநூலார் கூறும் கடக ராசியும் புவிநூலார் கூறும் கடக ரேகையும் அதே நண்டையே குறிப்பன. தமிழ் மட்டும் வேறு வழியிற் சென்று, மண்ணைத் துளைத்து மேலும் மேலும் எழும்பும் புற்றை நினைந்து பெயரிட்டது. நோயின் இயல்பை நண்டைக் காட்டிலும் புற்றே நன்கு விளக்குகிறது என்பது நம் கருத்து. குர்துபா நகரில் வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, புற்று சிறிதாக இருக்கும் தொடக்கநிலையில் அறுத்து நீக்கலாம் என்றும், முற்றிப் பெரிதாகிவிட்டதைத் தாம் குணப்படுத்தியதுமில்லை, குணப்படுத்திய பிறரைக் கண்டதுமில்லை என்றும் எழுதிவைத்தார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதப்பெற்ற இவ்வுண்மைக்கு இக்கட்டுரையின் இறுதிப் பகுதியில் மீண்டும் இடம் உண்டு.

ஏடும் எழுத்தும்

நச்சுயிரி என்பது புரத உறையுள் பொதிந்த ஒரு மரபுச் செய்தி. அச்செய்தி நான்கே எழுத்துகளால் ஆகியது. சிலவற்றில் அது டி.என்.ஏ. என்னும் பொருளாலும், சிலவற்றில் ஆர்.என்.ஏ. என்னும் பொருளாலும் எழுதப்பெற்றுள்ளது. மும்மூன்று எழுத்துகள் சேர்ந்து ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். அமினோ அமிலங்கள் தொடர்ந்து புரதமாகும். படியெடுக்கும்போது ஓர் எழுத்து மாறலாம், ஒரு தொடர் விடுபடலாம், வேறு நூலின் பகுதி இடையே நுழையலாம். இவற்றையே உயிரியலார் திடீர்மாற்றம் என்றும் சடுதிமாற்றம் என்றும் வழங்குவர்.

தமிழ் பயில்வோர்க்கு இது புதிய செய்தியன்று. 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்' என்னும் பழமொழி நம்மிடையே உண்டு. சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த சான்றோர் பாடவேறுபாடு, விடுபாடு, இடைச்செருகல், கடையேடு சிதைதல் எனப் பலவற்றைக் கண்டனர். இந்நான்கும் நச்சுயிரியின் மரபேட்டில் அப்படியே காணப்படுகின்றன. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: சுவடியிற் பிழை நேர்ந்தால் பொருள் கெடும், நச்சுயிரியிற் பிழை நேர்ந்தால் சிலபோது உயிரே கெடும்.

ரௌசு கண்ட கோழி

1909-ஆம் ஆண்டில் நியூயார்க்கிலுள்ள ராக்பெல்லர் ஆய்வுக்கழகத்திற்குப் 'பிளிமத் ராக்' இனக் கோழி ஒன்று கொண்டுவரப்பட்டது. அதன் மார்பில் பெரியதொரு கட்டி. அங்குப் பணியாற்றிய பெய்ட்டன் ரௌசு என்னும் இளம் ஆய்வாளர் அக்கட்டியைப் பிற கோழிகளுக்கு மாற்றிப் பதித்து வளர்த்தார். பின்னர்க் கட்டியை அரைத்து, உயிரணுக்களும் பாக்டீரியங்களும் கடந்துசெல்ல இயலாத நுண்வடிகட்டியில் வடித்து, அந்த நீரை மட்டும் நலமான கோழிகளுக்குச் செலுத்தினார். அவற்றிலும் கட்டி தோன்றியது. வடிகட்டியைக் கடந்து வந்த ஏதோ ஒன்று புற்றை உண்டாக்குகிறது என்று 1911-இல் அவர் வெளியிட்ட முடிவை அறிவுலகம் பெரிதும் பொருட்படுத்தவில்லை. கோழிக்கு நேர்வது மனிதனுக்கும் நேரும் எனக் கொள்ள ஒருவரும் முன்வரவில்லை. ரௌசுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது ஆண்டு 1966. அவர்தம் அகவை 87.

இந்நச்சுயிரியின் மரபேடு ஆர்.என்.ஏ.யால் ஆகியது, ஏறத்தாழ 9,300 எழுத்துகள் கொண்டது. உயிரணுவினுள் புகுந்ததும் இது தன் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாகப் பெயர்த்தெழுதி, அப்பெயர்ப்பை ஓம்புயிரின் மரபுத் தொகுதியிற் செருகிவிடுகிறது. இவ்வாறு பெயர்த்தெழுதும் நொதியை 1970-இல் ஹோவர்டு டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே கண்டறிந்தனர். அந்நொதி விரைந்தெழுதும் எழுத்தரைப் போன்றது. தான் எழுதியதைத் திரும்பிப் பார்த்துத் திருத்தும் வழக்கம் அதற்கில்லை. எனவே இவ்வகை நச்சுயிரிகளிற் பிழைகள் மிகுதி.

அப்பிழைகளே அறிவியலாருக்கு ஆசிரியராயின. ரௌசின் நச்சுயிரியிலேயே உருண்டை வடிவ உயிரணுக்களைத் தோற்றுவிக்கும் வகையும், கதிர்போல நீண்ட உயிரணுக்களைத் தோற்றுவிக்கும் வகையும் இருப்பதை டெமின் 1960-இல் எடுத்துக்காட்டினார். உயிரணுவின் வடிவம் நச்சுயிரியின் மரபணுவுக்கு அடங்கியது என்பது இதனாற் பெறப்பட்டது. ஆயினும் எந்த மரபணு என்பது விளங்கவில்லை.

வெப்பம் காட்டிய வழி

1970-இல் ஸ்டீவன் மார்ட்டின் என்பவர் கலிபோர்னியாவின் பெர்க்கிலியில் வெப்பநிலைக்கேற்ப நடத்தை மாறும் ஒரு திரிபு நச்சுயிரியைப் பிரித்தெடுத்தார். இத்திரிபு புகுந்த கோழியின் உயிரணுக்களை 36 பாகை செல்சியசில் வளர்த்தால் அவை புற்றுருக் கொண்டன. 41 பாகையில் வளர்த்தால் இயல்பாகவே இருந்தன. வியப்பு என்னவெனில், 41 பாகையிலும் நச்சுயிரி குறைவின்றிப் பெருகியது. வெப்பத்தைக் குறைத்தால் புற்றுரு தோன்றியது; மீண்டும் கூட்டினால் அது மறைந்து உயிரணு தன் பழைய நிலைக்குத் திரும்பியது.

இச்சிறு சோதனையிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. நச்சுயிரி பெருகுவதற்குத் தேவையற்ற, ஆனால் புற்றை விளைவிப்பதற்குத் தேவையான ஒரு மரபணு தனியே உள்ளது என்பது ஒன்று. அம்மரபணுவின் விளைபொருள் புற்றைத் தொடங்கிவைப்பதோடு அமையாமல், அந்நிலை நீடிப்பதற்கும் இடையறாது தேவைப்படுகிறது என்பது மற்றொன்று. பின்னதை நாம் நினைவில் நிறுத்த வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிக் கூறுமிடத்து அது பயன்படும்.

அதே ஆண்டில் பீட்டர் டியூஸ்பெர்க்கும் பீட்டர் வோக்டும், புற்றை விளைவிக்கும் ஆற்றலிழந்த நச்சுயிரிகளின் மரபேடு மற்றவற்றினும் குறுகியது எனக் காட்டினர். விடுபட்ட பகுதி ஏறத்தாழ 1,500 எழுத்துகள் நீளமுடையது. 'சார்க்' என இன்று வழங்கும் மரபணு அதுவே. இதன் இருபுறமும் ஒரே மாதிரியான எழுத்துத் தொடர் அமைந்துள்ளதால் விடுபாடு எளிதில் நேர்ந்துவிடுகிறது. ஒரே சொல் இரண்டு வரிகளில் வரும் செய்யுளைப் படியெடுப்பவர், முதல் வரியிலிருந்து கண் தாவி அடுத்த வரிக்குச் சென்று இடைப்பட்டதை எழுதாது விட்டுவிடுவதைப் பதிப்பாசிரியர்கள் அறிவர். இங்கு நிகழ்வதும் அதுவே.

இடைச்செருகல்

நச்சுயிரிக்குத் தேவையில்லாத மரபணு அதன் ஏட்டில் எவ்வாறு வந்தது? இவ்வினாவுக்கு விடைகண்டது 1976-ஆம் ஆண்டின் பெருஞ்செயல். சான் பிரான்சிஸ்கோவில் மைக்கேல் பிஷப், ஹரால்டு வார்மஸ், டொமினிக் ஸ்டெஹெலின் ஆகியோர் வோக்டுடன் இணைந்து முழுமையான நச்சுயிரியின் படியையும் விடுபாடுடைய நச்சுயிரியின் ஏட்டையும் ஒப்பிட்டனர். இரண்டிற்கும் பொதுவானவற்றைக் கழித்து, எஞ்சிய சார்க் பகுதியை மட்டும் தேடுகருவியாக்கினர். அக்கருவி கொண்டு தேடியபோது, நோயேதுமற்ற கோழியின் மரபுத் தொகுதியிலேயே சார்க் இருந்தது. காடை, வான்கோழி, வாத்து, ஈமு ஆகிய பறவைகளிலும் இருந்தது. பின்னர் மனிதனிடத்தும் இருப்பது தெரியவந்தது.

நச்சுயிரி புற்று மரபணுவைக் கோழிக்குக் கொடுக்கவில்லை. கோழியிடமிருந்தே அதைக் கவர்ந்து தன் ஏட்டில் செருகிக்கொண்டது. பிஷப்பும் வார்மஸும் இதற்காக 1989-இல் நோபல் பரிசு பெற்றனர். விடுபாடுடைய அந்த ஊனமுற்ற நச்சுயிரி இல்லையேல் இத்தேடுகருவியே அமைந்திராது என்பதை இங்குக் குறிப்பிடல் தகும்.

ஹிடெசபுரோ ஹனபுசா குழுவினர் 1977-இல் வெளியிட்ட ஆய்வு இவ்விடைச்செருகலை நேரிற் கண்டதற்கு ஒப்பாகும். சார்க் மரபணுவின் ஒரு துண்டு மட்டும் எஞ்சிய நச்சுயிரிகளை அவர்கள் கோழிகளுக்குச் செலுத்தினர். நெடுநாள் கழித்துச் சில கோழிகளில் கட்டிகள் தோன்றின. அவற்றினின்று பெற்ற நச்சுயிரிகள் முழுமையான சார்க் மரபணுவைக் கொண்டிருந்தன. இழந்ததைக் கோழியின் மரபுத் தொகுதியிலிருந்து அவை மீட்டுக்கொண்டன என்பது தெளிவு.

அங்ஙனமாயின் நம் உடலில் உள்ள சார்க் ஏன் நமக்குப் புற்றை உண்டாக்கவில்லை? இங்குதான் ஓரெழுத்தின் வலிமை புலப்படுகிறது. ஜோன் புரூக், ரேமண்ட் எரிக்சன் இருவரும் 1977-இல் சார்க் புரதத்தை இனங்கண்டனர். பிற புரதங்களின் மேல் பாஸ்பேட் என்னும் வேதிக்குறியை இடும் நொதி அது. டைரோசின் என்னும் அமினோ அமிலத்தின் மேல் அக்குறி இடப்படுவதை டோனி ஹன்டர் முதலில் கண்டார். பலமுறை பயன்படுத்தியதால் அமிலத்தன்மை சற்றே மாறிவிட்ட பழைய கரைசலே அவருக்கு அதைப் பிரித்துக்காட்டியது என்பர். கோழியின் இயல்பான சார்க் 533 அமினோ அமிலங்கள் கொண்டது. அதன் கடைப்பகுதியில் 527-ஆம் இடத்தில் ஒரு டைரோசின் உள்ளது. அதன் மேல் மற்றொரு நொதி பாஸ்பேட் குறியை இட்டதும் வால் உள்நோக்கி மடிந்து புரதத்தைத் தாழிட்டுவிடுகிறது. உயிரணு வளர வேண்டிய வேளையில் மட்டும் தாழ் திறக்கும்.

நச்சுயிரியின் சார்க் புரதத்திலோ கடைசி 19 அமினோ அமிலங்கள் இல்லை. அவ்விடத்தில் தொடர்பற்ற 12 அமினோ அமிலங்கள் நிற்கின்றன. கடையேடு சிதைந்து வேறேடு கோக்கப்பட்ட சுவடி அது. தாழ்ப்பாள் இருந்த ஏடே போய்விட்டதால் கதவு எப்பொழுதும் திறந்தே கிடக்கிறது; வளர்க வளர்க என்னும் ஆணை ஓய்வதில்லை. இயல்பான சார்க்கிலும் 527-ஆம் டைரோசினை மட்டும் பினைல்அலனினாக மாற்றினால் அது புற்று விளைக்கும் ஆற்றல் பெறுவதை 1987-இல் ஆய்வாளர் மெய்ப்பித்தனர். இவ்விரு அமிலங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரே ஓர் ஆக்சிசன் அணுவே என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

எதிர்த்திசையிற் செல்லும் திரிபும் உண்டு. நச்சுயிரிச் சார்க்கின் இரண்டாம் இடத்திலுள்ள கிளைசினை மாற்றிவிட்டால், கொழுப்பு அமிலம் ஒன்று அதனோடு இணைய இயலாது போகிறது. புரதம் உயிரணுவின் சவ்வில் சென்று ஒட்டுவதில்லை. நொதியின் வினைத்திறன் குன்றாதிருந்தும் புற்று உண்டாவதில்லை. வலிமை இருந்தும் இடமறியாது நிற்பவனால் பயனில்லை என்று இதனைச் சொல்லலாம்.

நச்சுயிரிக்குக் கேடாகும் திரிபு

அடுத்து மனிதனுக்கு வருவோம். மெர்க்கல் உயிரணுப் புற்றுநோய் என்பது முதியோரின் தோலில் அரிதாகத் தோன்றும் கொடிய நோய். 2008-இல் பிட்ஸ்பர்க் நகரில் யுவான் சாங், பாட்ரிக் மூர் ஆகியோரின் ஆய்வகம் இக்கட்டிகளிற் புதிய நச்சுயிரி ஒன்றைக் கண்டது. இந்நோயுற்றோரில் பத்தில் எட்டுப்பேர் அளவில் இது காணப்படுகிறது. ஆயின் இதே நச்சுயிரி நலமாக வாழும் மாந்தர் பலரின் தோலிலும் தீங்கின்றி வாழ்கிறது. வேறுபாடு யாது?

கட்டியிற் காணப்பட்ட நச்சுயிரி ஒவ்வொன்றிலும், 'பெரிய டி' என வழங்கும் புரதத்தின் பிற்பாதியை அறுத்துவிடும் திரிபு இருந்தது. அப்பிற்பாதிதான் நச்சுயிரி தன்னைத்தான் படியெடுக்கத் துணைசெய்வது. முற்பாதியிலோ, உயிரணுப் பெருக்கத்தைத் தடுத்து நிறுத்தும் நம் காவற்புரதமாகிய ஆர்.பி.யைப் பற்றிப் பிடிக்கும் பகுதி உள்ளது. அது அப்படியே எஞ்சியிருந்தது. இத்திரிபின் பொருள் இது: நச்சுயிரி முதலில் மனித மரபுத் தொகுதியில் தற்செயலாகச் செருகப்படுகிறது. முழுமையான பெரிய டி புரதம் இருந்தால் அது செருகிய இடத்திலேயே படியெடுக்கத் தொடங்கி, உயிரணுவின் ஏட்டையே சிதைக்கும், அவ்வுயிரணு மடியும். பிற்பாதி அறுபட்டால் சிதைவு இல்லை, காவலும் இல்லை. உயிரணு கட்டின்றிப் பெருகும். நச்சுயிரிக்கோ இதனால் ஊதியம் ஒன்றுமில்லை. தன் மரபைப் பெருக்கும் ஆற்றலை இழந்து அக்கட்டியோடு அதுவும் மாள்கிறது. புற்றுநோய் நச்சுயிரியின் நோக்கம் போலும் என எண்ணுவோர் இதனைக் கருதுதல் வேண்டும். அது பெரும்பாலும் ஒரு விபத்தே.

மாறாமையால் விளையும் கேடு

கருப்பை வாய்ப் புற்றுநோயின் கதை இதற்கு மறுதலையானது. மனிதப் பாப்பிலோமா நச்சுயிரிகள் இருநூறுக்கு மேற்பட்ட வகையின. இவற்றுள் 16-ஆம் வகையை 1983-லும் 18-ஆம் வகையை அடுத்த ஆண்டிலும் புற்றுக்கட்டிகளிலிருந்து இனங்கண்டவர் ஜெர்மானியராகிய ஹரால்டு சுர் ஹாசன் குழுவினர். இவ்விரு வகைகள் மட்டுமே இந்நோயிற் பத்தில் ஏழு பங்கிற்குக் காரணம். அவர்க்கு 2008-இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

ஏறத்தாழ 7,900 எழுத்துகள் கொண்ட வட்ட வடிவ டி.என்.ஏ. ஏடு இதனுடையது. இதனைப் படியெடுப்பது ஓம்புயிரின் சொந்த நொதியே. அது கவனமான எழுத்தர், பிழை குறைவு. இந்நச்சுயிரியின் 'ஈ6' புரதம் நம் உயிரணுவின் பி53 என்னும் காவலனை அழிப்பிக்கிறது. 'ஈ7' புரதம் ஆர்.பி. என்னும் காவலனைப் பற்றி முடக்குகிறது. இவ்விரண்டும் மிகாதவாறு அடக்கிவைப்பது 'ஈ2' என்னும் மற்றொரு புரதம். வட்டம் ஈ2 மரபணுவின் நடுவே முறிந்து மனித மரபுத் தொகுதியிற் செருகப்படும்போது அடக்குவாரின்றி ஈ6, ஈ7 பெருகுகின்றன. 1951-இல் ஓர் அமெரிக்கப் பெண்மணியின் கட்டியிலிருந்து பெற்று இன்றளவும் ஆய்வகங்களில் வளர்ந்துவரும் 'ஹீலா' உயிரணுக்கள் 18-ஆம் வகையை உடையன. இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் அவற்றினுள் ஈ2 புரதத்தைச் செலுத்தினால் வளர்ச்சி நின்றுவிடுகிறது. மார்ட்டினின் கோழி உயிரணுக்கள் 41 பாகையில் இயல்புநிலைக்குத் திரும்பியதை ஈண்டு நினைவுகூர்க. புற்று மரபணு இடையறாது உழைத்தாலன்றிப் புற்று நில்லாது.

ஓரெழுத்து வேறுபாடு இங்கும் பேசுகிறது. மரு மட்டும் உண்டாக்கி, புற்றுக்கு அரிதாகவே காரணமாகும் 6-ஆம் வகையின் ஈ7 புரதத்தில் ஓரிடத்திற் கிளைசின் உள்ளது. 16-ஆம் வகையில் அதற்கு நேரான இடத்தில் ஆஸ்பார்டிக் அமிலம். இவ்வொன்றை மாற்றியமைத்தால் ஆர்.பி.யைப் பற்றும் வலிமையும், அதனொடு உயிரணுவைத் திரிக்கும் ஆற்றலும் இடம் மாறுவதை 1992-இல் கண்டனர்.

2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு நம் தலைப்புக்கு மிக நெருக்கமானது. நோயுற்ற பெண்டிரிடமும் நோயற்ற பெண்டிரிடமும் பெற்ற 5,570 மாதிரிகளில் 16-ஆம் வகையின் முழு ஏட்டையும் படித்துப் பாடவேறுபாடுகளைத் தொகுத்தனர். சுவடிப் பதிப்பாளர் கண்டால் பொறாமையுறும் உழைப்பு அது. நச்சுயிரி ஓரளவு வேறுபட்டே காணப்பட்டது. ஆனால் புற்றுற்றோரிடம் கிடைத்த ஏடுகளில் ஈ7 மரபணு குறிக்கும் 98 அமினோ அமிலங்களும் ஏறக்குறைய மாற்றமே இன்றி இருந்தன. ஈ7-இல் மாற்றங்கள் நேர்ந்த நச்சுயிரிகள் நோயற்றோரிடமே மிகுதியாகக் காணப்பட்டன. அதாவது, இங்குத் திடீர்மாற்றம் நச்சுயிரியின் பல்லைப் பிடுங்குகிறது. பிழையின்றிப் படியெடுக்கப்பட்ட ஈ7 உடைய நச்சுயிரியே கொடியது. ரௌசின் நச்சுயிரியில் பிழை புற்றைத் தந்தது. இதில் பிழையின்மை தருகிறது. திடீர்மாற்றம் என்றாலே தீமை என்று பொதுமக்களிடையே நிலவும் எண்ணம் எவ்வளவு குறையுடையது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இவ்வியல்பு மருத்துவத்திற்கு இருவகையில் உதவுகிறது. ஏடு எளிதில் மாறாததால் நச்சுயிரியின் புற உறைக்கு எதிராக அமைத்த தடுப்பூசி ஆண்டுதோறும் மாற்றப்பட வேண்டுவதில்லை. 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளுக்கு எதிராகப் புனே நகரின் சீரம் நிறுவனம் உருவாக்கிய தடுப்பூசிக்கு 2022-இல் இந்திய அரசின் ஒப்புதல் கிடைத்தது. இரண்டாவதாக, தொற்றுக்கும் முற்றிய புற்றுக்கும் இடையே பல ஆண்டுகள் கழிகின்றன. அவ்விடைவெளியிற் கண்டறிந்தால், அஸ்ஸஹ்ராவி கூறியவாறு, சிறிதாக இருக்கும்போதே நீக்கிவிடலாம்.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர்களில் 30 முதல் 59 வரை அகவையுடைய பெண்டிரிடையே பெரியதோர் ஆய்வு நடத்தப்பெற்று அதன் முடிவு 2007-இல் வெளியாயிற்று. அதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவைப்படவில்லை. பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தனர். அஃது அடுக்களைக் காடியில் உள்ள அமிலமே. நச்சுயிரியால் திரிபுற்ற பகுதி சற்று நேரத்தில் வெண்ணிறமாகத் தெரிந்தது. இச்சோதனைக்கு அழைக்கப்பெற்ற ஊர்களில், அழைக்கப்பெறாத ஊர்களைக் காட்டிலும், இந்நோய் தோன்றுவது 25 விழுக்காடும் இந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. அழைப்புப் பெற்ற நாற்பத்தொன்பதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்டிருள் சோதனைக்கு வந்தோர் ஏறத்தாழ முப்பத்தோராயிரவர். ஏனையோர் வரவில்லை.